வெற்றுப் பதில்

சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் எங்கள் அலுவலகத்துக்கு, ஏஐ எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருள் கருவிகளின் விளக்கக் குறிப்புகளைச் சோதிக்க ஒரு பெண்மணி வந்தார். நரைத்த குட்டை முடி, சிரிக்காத முகம். குறிப்பைத் தவிர மற்றதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் படிப்பார். ஏஐக்கும் அந்தக் குறிப்பு மட்டும்தான் தெரியுமாம்.

எங்கள் கருவி நோயாளியின் மருந்து அலர்ஜியைத் தேடித் தரும். பதிவே இல்லாதவருக்கு வெற்றுப் பதில் வரும். அதற்கு 'தெரியாது' என்றுதான் பொருள்; குறிப்பு அதைச் சொல்லவில்லை. சோதனையில் ஏஐ, "அலர்ஜி இல்லை, மருந்து கொடுக்கலாம்" என்றது. அவர் பூஜ்ஜியம் போட்டார்.

"குறிப்புல ரெண்டு வரிதானே லா, அப்புறம் மாத்திக்கலாம்," என்றார் மேலாளர்.

"எப்ப? உங்க பிள்ளைக்கு ஊசி போட்டப்புறமா?"

அடுத்த வாரமே வேறொருவரை அழைத்துத் தேர்ச்சி வாங்கிவிட்டார்கள். இன்றும் கிளினிக்கில் யாராவது திரையைப் பார்த்து "அலர்ஜி ஒண்ணும் இல்ல" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பெண்மணியின் குரலிலேயே திருப்பிக் கேட்கிறேன்: "இல்லையா, தெரியலையா?"