மேடைப் படியில் தந்த கடைசிச் சரணம்

பாட்டின் கடைசிச் சரணத்தை ரீச்சர் மேடைப் படியில் வைத்துத்தான் தருவார். பல்லவியும் மற்றச் சரணங்களும் ஒரு கிழமைக்கு முன்பே தொலைபேசியில் வந்துவிடும். அவர் சொல்லச் சொல்ல நான் பாடிக் காட்டவேண்டும். எனக்கு எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே ஒரு சொல்லைக் குறைப்பார். கடைசிச் சரணம் மட்டும் வராது. அறிவிப்பாளர் என்னை அழைக்கிற நேரம், கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிற என் காதுக்குள் நாலு வரியைச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார். இதற்காக அவரோடு எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். "முதலே தந்தால் நீங்கள் பாடிப் பாடிப் பழசாக்கிப்போடுவியள் அண்ணை. முடிவு சுடச்சுட இருக்கவேணும்" என்பார். எனக்கோ சுடச்சுட வியர்க்கும்.

நான் ஒஸ்லோவில் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். சனிக்கிழமைகளில் லில்லெஸ்ட்ரோமில், தொப்பி போட்ட நோர்வேஜியர் சிலரோடு சேர்ந்து அமெரிக்கக் கன்ட்ரிப் பாட்டுப் பாடுவேன். நம் ஆட்கள் அதை மாட்டுக்காரன் பாட்டு என்று நக்கலடித்தார்கள். பிரிந்து போனவள், ஓடாத வாகனம், நீண்ட தெரு, இவ்வளவுதான் அந்தப் பாட்டுகளில் இருக்கும். பிரிவும் தெருவும் எங்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும் என்று எனக்கு அப்போதே ஒரு கோபம். ஒரு கல்யாண வீட்டில் அப்படியொன்றை நோர்வேஜியனில் பாடி இறங்கியபோது ரீச்சர் வந்து, "மெட்டு வடிவு அண்ணை. சொல்லுத்தான் இல்லை. நான் தரட்டே?" என்று கேட்டார். எங்கள் கூட்டு அப்படித்தான் தொடங்கியது.

அவர் என்னைவிட இளையவர். குரோருட்டில் ஒரு பார்னஹாகேயில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுத்ததால் எல்லோருக்கும் ரீச்சர். அவருடைய கணவர் கொழும்பில் தங்கியிருந்த லொட்ஜிலிருந்து ஒரு காலை வெளியே போனவர், திரும்பவில்லை. எந்தச் சிறையிலும் பெயர் இல்லை, எந்த ஆஸ்பத்திரியிலும் உடல் இல்லை. கணவரின் தாயை ரீச்சர்தான் நோர்வேக்கு எடுப்பித்துத் தன்னோடு வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை மாமி என்போம். பெரியபிள்ளையான பெண்களின் சாமத்திய வீடுகளில் ஆராத்தி எடுக்கச் சுமங்கலிகளை அழைக்கும்போது, ரீச்சரின் முறை வந்ததும் சபை ஒரு கணம் தயங்கும். உடனே மாமி அவரது முதுகில் கைவைத்துத் தள்ளுவார். "என்ரை மகன் இருக்கிறான். நீ போ பிள்ளை." பிறகு யார் வாய் திறப்பது?

ரீச்சர் எனக்குத் தந்ததெல்லாம் காத்திருக்கிற பாட்டுகள். வாசலில் காத்திருப்பது, பனியில் காத்திருப்பது, ரயில் நிலையத்தில் காத்திருப்பது. நான் கிற்றாரைத் தட்டிப் பாடினால் மண்டபத்தில் ஆண்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். லண்டனில் இருந்தும் பாரிஸில் இருந்தும் அழைத்தார்கள். உண்மையைச் சொன்னால், அந்தப் பெண் காத்திருப்பதைப் பார்க்க எங்கள் சனத்துக்குப் பிடித்திருந்தது. அழுது முடித்துக் கொத்துரொட்டி தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்தான் வாரம் முழுக்கக் காத்திருந்தார்.

அந்த வருடம் பேர்கனில் ஆஸ்பத்திரி வேலை செய்கிற ஒருவர், மனைவியை இழந்தவர், என் மனைவி மூலமாக ரீச்சரைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தார். நல்ல மனிதர், அவசரப்படுத்தவும் இல்லை. ரீச்சர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாமிக்கு இது தெரியாது. மகன் இருக்கிறான் என்று நாள்தோறும் சொல்லுகிற தாயிடம் இதை எந்த வாயால் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் கலைவிழா வைத்தார்கள். புதுப் பாட்டின் மற்றச் சரணங்கள் வழக்கம்போல வந்திருந்தன. வழக்கம்போலக் காத்திருப்புத்தான். முன்வரிசையில் மாமி பட்டுச் சேலை, கம்பளிச் சால்வையோடு இருந்தார். அறிவிப்பாளர் என்னைப் புகழத் தொடங்க, ரீச்சர் படியேறி வந்தார். முகம் வெளுத்திருந்தது. காதுக்குள் சொன்னார்.

"போனவழி தேடித்தேடிப் பொழுதெல்லாம் தேய்ந்ததையா,
நானெரித்த விளக்கை இன்று நானே நூர்க்கிறேன்.
இருந்தால் நீ பொறுத்திடையா,
இல்லையென்றால் உறங்கிடையா."

வீட்டில் லைற்றை அணைப்பதென்றால் நூர்க்கச் சொல்லுவோம்; சாமி விளக்கை நூர்ப்பது என்று சொல்லக்கூட மாட்டோம். இதைத் தாயின் முகத்துக்கு நேரே பாடுவதா?

"ரீச்சர், மாமி முன்னுக்கு இருக்கிறா."

"ஓம். அதுக்குத்தான்."

"வீட்டிலை வைச்சுக் கதைச்சிருக்கலாமே?"

"எத்தினை தரம் வாயெடுத்தனான். என்னாலை ஏலாது அண்ணை. நான் சொல்ல ஏலாததைத்தானே இவ்வளவு நாளும் நீங்கள் பாடினனீங்கள்."

கைதட்டல் கேட்டது. அவர் இறங்கவில்லை. முதன்முறையாகத் திரையின் ஓரத்திலேயே நின்றார்.

பல்லவி பாடினேன். சனம் தலையாட்டியது. இரண்டு சரணமும் போயின. கடைசிச் சரணத்துக்கு முன்னால் கிற்றாரில் ஒரு சுற்று வாசிப்பேன். அன்று அதை இரண்டாவது தரமும் வாசித்தேன், மூன்றாவது தரமும் வாசித்தேன். தபேலாக்காரர் திரும்பி என்னை முறைத்தார். முதல் சரணத்தையே திருப்பிப் பாடிவிட்டு இறங்கினால் யாருக்கும் எதுவும் தெரியவராது. எல்லோரும் அழுதுவிட்டுச் சாப்பிடப் போவார்கள், ரீச்சர் இன்னும் பத்து வருடம் ஆராத்தித் தட்டோடு நிற்பார். அதை நினைக்கத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. பாடினேன். மாமியைப் பார்க்காமல், பின்சுவரில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பாடினேன்.

முடிந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது, அதன் வாயையும் யாரோ பொத்தினார்கள். மாமி கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். மண்ணை அள்ளித் தூற்றப்போகிறார் என்றே நினைத்தேன். ஏச்சு விழுந்தால் அது முதலில் என் தலையில் விழட்டும் என்று மேடை விளிம்புக்கு வந்து நின்றேன்.

"தம்பி, அந்தக் கடைசியை மற்றொருக்காப் பாடு" என்றார் மாமி.

பாடினேன். குரல் உடைந்து இரண்டு இடத்தில் சுருதி விலகியது, ஒருவரும் சிரிக்கவில்லை. மாமி நின்றபடியே கேட்டார், உதடுகள் கூடவே அசைந்தன. முடிந்ததும் மேடைப் படியடிக்கு வந்து, திரையோரம் நின்ற மருமகளை நோக்கிக் கையை நீட்டினார். "இறங்கி வா பிள்ளை. தேத்தண்ணி குடிப்பம்." சனம் விலகி வழி விட்டது. அன்று தேநீர் மேசையில் இருவரும் ஆளுக்கு இரண்டு வடை சாப்பிட்டதாக என் மனைவி வந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு ரீச்சர் எனக்குப் பாட்டுத் தரவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். "வருகுதில்லை அண்ணை" என்று சிரித்தார். கவலை எனக்குத்தான், அவருக்கு இல்லை. வேறு சிலரின் வரிகளை இப்போது பாடுகிறேன். அவர்கள் முழுப்பாட்டையும் மின்னஞ்சலில் ஒழுங்காக அனுப்புகிறார்கள். மேடைப் படியில் எனக்கு வியர்ப்பதே இல்லை, பாட்டும் அப்படித்தான் இருக்கிறது.

கலைவிழாவுக்கு அடுத்த கோடையில் பேர்கனில் ரீச்சருக்குப் பதிவுத் திருமணம். மழை பெய்தது, அங்கே எப்போதும் பெய்யும். பெண் பக்கத்துச் சாட்சியாக மாமி கையெழுத்திட்டார். சாப்பாட்டு மேசையில் புது மாப்பிள்ளை அவர் அருகில் பணிவாகக் குனிந்து, இனி உங்களை நான் எப்படிக் கூப்பிட என்று கேட்டார். மாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் விரும்பினபடி கூப்பிடுங்கோ தம்பி. அம்மா எண்டு மட்டும் வேண்டாம். அதுக்கு எனக்கொரு பிள்ளை இருக்கிறான்."