பட்டை கூட்டிய இத்தாலிக் கார்

வேகத்தடை வரும்போதெல்லாம் நாம் மட்டும் ஏன் காரைவிட்டு இறங்கி நடக்க வேண்டும் என்று போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. இருந்தாலும் காரணத்தை எழுதி வைக்கிறேன்.

நான் ஜீப் ஓட்டுகிறவன். கம்பத்திலிருந்து விடியக்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போவேன். அந்தத் தோட்டத்து முதலாளியிடம் இத்தாலியில் செய்த பழைய கார் ஒன்று நின்றது. இரண்டே கதவு, நீள மூக்கு, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். வாரம் ஒருமுறை அதைத் துடைத்து, ஸ்டார்ட் செய்து வைப்பது என் வேலை. அவர் பிள்ளைகளோடு வெளிநாட்டுக்குப் போகும்போது, "இதை நல்லாப் பாத்துக்க ஒன்னை விட்டா ஆளில்ல" என்று என் பேருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அவரை நினைக்காமல் நான் அந்தச் சாவியைத் திருப்புவதில்லை.

உங்கள் அம்மாவுக்கு மலை ரோடு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். பஸ்ஸோ ஜீப்போ, மூன்றாவது வளைவுக்குள் வாந்தி வந்துவிடும். வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் உங்கள் பெரியம்மாதான் அவளை வளர்த்தவள். அங்கே போய் இறங்கினால் அம்மா பாயைத் தேடிப் படுத்துவிடுவாள். சாயங்காலம் எழுந்து திரும்பி வருவாள். அதனால் போவதையே குறைத்துக்கொண்டாள்.

இந்தக் காரில் முதல் தடவை கூட்டிப்போனபோது மடியில் பிளாஸ்டிக் பையை விரித்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். குமுளி போய்ச் சேர்ந்தபோது பை அப்படியே இருந்தது.

"ஏங்க, வளைவெல்லாம் முடிஞ்சிருச்சா?" என்றாள். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. தாழ்ந்த வண்டி என்பதால் வளைவில் ஆடவே இல்லை.

அந்த மழைக்காலத்தில் பெரியம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. "கையூன்றி எந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக. அக்காவுக்கு வாராவாரம் நான்தான் போயித் தலைக்கு ஊத்திவிடணும்" என்றாள் அம்மா. பெரியம்மாவுக்கு வேறு யாரும் இல்லை.

இரண்டு வாரம் போனோம். கூடலூர் வேகத்தடையில் காரின் அடிவயிறு உரசி, சைலன்சர் குழாய் கழன்று விழுந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நேராகப் பட்டறைக்கு விட்டு, "பின்னாடி ஸ்பிரிங்குக்கு ரெண்டு பட்டை கூட்டுங்க" என்றேன். எங்கள் ஊர் வழக்கம் அது. எந்த ஜீப் வந்தாலும் ஸ்பிரிங்கில் கூடுதலாக இரும்புப் பட்டை வைத்துத் தூக்கிவிடுவோம், மலையில் ஆளும் மூட்டையும் ஏற்ற வேண்டுமே. பட்டறைக்காரரும் மறு பேச்சுப் பேசவில்லை. முன்பக்கத்தையும் அதே கணக்கில் தூக்கினோம். கார் பார்க்கக் கம்பீரமாக நின்றது. ஜீப் ஸ்டாண்டில் எல்லோரும், "இப்பத்தான் மாப்ளே வண்டி மாதிரி இருக்கு" என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வளைவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. உயரம் கூடியதில் நம் கார் வளைவுக்கு வளைவு ஆடி, ஜீப்பாகவே மாறிப் போயிருந்தது. அம்மா பாறை ஓரம் உட்கார்ந்து வாயைக் கொப்பளித்துவிட்டு, "இனிமே நீங்க மட்டும் போங்க. அக்கா கேட்டா நான் வரமாட்டேன்னுட்டேன்னு சொல்லுங்க" என்றாள். அழவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாளே பட்டைகளை எடுக்கச் சொன்னேன். பட்டறைக்காரர், "ஏண்ணே, போன வாரந்தான கூட்டுனோம்?" என்றார். சைலன்சர் குழாயை மட்டும் வளைத்து மேலே தூக்கிக் கட்டினோம். மலையில் எஞ்சின் சூடாகாமல் இருக்கத் தனியாக ஒரு மின்விசிறி மாட்டினோம். உயரத்தை மட்டும் பழையபடி விட்டோம்.

வேகத்தடைக்கு என்ன வழி? ஆள் இறங்கினால் வண்டி இரண்டு விரல் உயரும். அது போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடலூரில் அம்மா சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தாள். நான் வெறும் வண்டியை மெல்ல ஏற்றி இறக்கினேன். உரசவில்லை. பின்னால் வந்த ஜீப்பிலிருந்து எங்கள் ஸ்டாண்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மாப்ளே, குடும்பத்தோட வேகத்தடைக்குக் கும்பிடு போடுறீகளா?" என்றார்.

"நீங்களும் எறங்கிப் போட்டுட்டுப் போங்கண்ணே, நல்லது நடக்கும்" என்றாள் அம்மா. அவர் சிரித்தாலும், நீங்கள் மறுபடி ஏறும்வரை ஜீப்பைக் குறுக்கே நிறுத்தி மற்ற வண்டிகளை மறித்துக் கொடுத்தார். இன்றும் எங்கள் ஸ்டாண்டு ஜீப்புகள் நமக்குப் பின்னால் வந்தால் ஹாரன் அடிக்காமல் நிற்கும். நீங்கள் கவனித்ததில்லை.

வளைவுகளை எல்லாம் தாண்டினோம். நான் கண்ணாடியில் அம்மாவைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினேன். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் இறங்கியதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்ப் பெரிய பானையில் வெந்நீர் வைத்தாள். கட்டிலில் கிடந்த உங்கள் பெரியம்மா தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏத்தா, வந்ததும் படுக்கலயா நீயி?"

"இல்லக்கா. சீயக்காய எங்கன வச்சிருக்க?" என்றாள் அம்மா.