ஊசி போட்ட மாட்டின் பால்

என் மகள் நான்காம் வகுப்பில் படிக்கும்போதே சாமத்தியப்பட்டுப் பெரியபிள்ளையானாள். குளியலறைக்குள்ளிருந்து "அம்மா" என்று கூப்பிட்டாள். பயந்துபோன சின்னப்பிள்ளையின் குரல். ஓடிப்போய் அவளை அணைத்துக்கொண்டேன்.

செய்தி கேட்டுக் காரைநகரிலிருந்து வந்த என் கணவரின் தமக்கை, பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன்பே என்னிடம் கேட்டார்.

"பால் ஆரிட்டை வாங்கிறனீ?"

"முன்வீட்டு அக்காட்டைத்தான், மச்சாள்."

"அப்ப அதுதான். கூடக் கறக்கவேணும் எண்டு இப்ப மாட்டுக்கு ஓமோன் ஊசியெல்லோ போடுகினம். அது பாலோடை பிள்ளைக்கு இறங்கியிருக்கு."

முன்வீட்டு அக்கா தனியாக இருப்பவர். ஒரேயொரு நல்லின மாடு வைத்து, வேலணையில் எங்கள் குறுகிய ஒழுங்கையின் இருபக்க வீடுகளுக்கும் பால் கொடுத்துவந்தார். கொஞ்ச நாளைக்கு முன் அந்த மாட்டுக்கு மடி வீங்கி, மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டது உண்மைதான். மருந்து மாட்டின் உடம்பைவிட்டுப் போகும்வரை பாலை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். அக்காவும் கறந்த பாலையெல்லாம் வேலியோரம் குழி வெட்டி ஊற்றினார். அதை ஒழுங்கையே பார்த்தது. மச்சாளின் பேச்சு வெளியே பரவியதும் எல்லோருக்கும் அந்தக் குழி ஞாபகம் வந்துவிட்டது.

"பிழை இல்லாட்டி ஏன் ஊத்தினவ?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

மகளை பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய் ஒரு பெண் வைத்தியரிடம் காட்டினேன். இரத்தம் சோதித்தார்கள், ஸ்கான் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார். பாலைப் பற்றிக் கேட்டேன்.

"மாட்டுக்கு வளர்ச்சி ஓமோன் போட்டாலும், பாலிலை வாறது வயித்துக்கை செமிச்சுப்போகும். நீங்கள் சொல்லுறது மடி வீக்கத்துக்குப் போட்ட மருந்து. அதுக்கும் இதுக்கும் தொடர்பில்லை."

"அப்ப ஏன் டொக்டர் இந்த வயசிலையே, இவ்வளவு வேளைக்கு?"

"எல்லாப் பிள்ளையளுக்கும் காரணம் சொல்ல எங்களாலையும் ஏலாது, அம்மா."

நான் வந்து சொன்னதில் அந்தக் கடைசி வார்த்தையைத்தான் ஊரில் பிடித்துக்கொண்டார்கள். டொக்டருக்கே தெரியாதாம் என்று சொல்லி, ஒவ்வொரு வீடாகப் பால்மாவுக்கு மாறியது. நான் மாறவில்லை. ஆனால் ஒரு காலை போத்தலோடு போனபோது அக்கா வாசலிலேயே மறித்தார்.

"வேண்டாம் தங்கச்சி. நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என்ரை பாலைத்தான் சொல்லுவினம். எனக்குத் தாங்க ஏலாது."

எவ்வளவு கெஞ்சியும் அவர் போத்தலை வாங்கவில்லை.

அடுத்த கிழமை சுருவிலில் இருந்து ஒருவர் வந்து மாட்டை வாங்கிப்போனார். மாடு வாகனத்தில் ஏற மறுத்து நின்றது. அக்காதான் கழுத்தைத் தடவித் தடவி ஏற்றிவிட்டார்.

என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்.

"அம்மா, நான் பெரியபிள்ளையானதாலையோ மாட்டை வித்தவ?"

"இல்லைப் பிள்ளை. உன்னிலை ஒரு பிழையும் இல்லை."

அவள் நம்பினாளோ தெரியாது. படலையைத் திறந்துகொண்டு போய், வெறும் கொட்டிலுக்குள் நின்ற அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் ஒழுங்கையிலேயே நின்றேன்.