ஜெசிந்தா அவசரப்படவில்லை

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, நாமக்கல்லில் என் அலுவலக மேசையில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. நம் பழைய நீச்சல்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பிரேமா இரண்டே சொல் போட்டிருந்தாள்: "ஜெசி போயிட்டா." அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஐந்தாவதோ ஆறாவதோ ஒருவர், "நம்ம அவசரக்காரிக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று எழுதியிருந்தார். எழுதியவர் கெட்டவர் இல்லை. பாசமாகத்தான் எழுதினார். டப்பாவை மூடி, விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு சேலம் பஸ் ஏறினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் குழுவில் நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்டீர்கள். முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், நீதான் அவளுக்கு ரொம்ப நெருக்கம், நாலு நல்ல வரி எழுதிக் கொடு என்று. நாலு வரிக்கு மேல் ஆகிவிட்டது. நல்ல வரிகளா என்றும் தெரியவில்லை. ஆனாலும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

ஜெசிந்தா சேலம் டவுன்காரி. அவள் அப்பா அந்தோணிசாமி லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். பத்து வயதில் மகளைக் குளத்தில் சேர்த்துவிட்டவர் அவர்தான். குளம் என்றால் டைல்ஸ் பதித்த, குளோரின் வாசம் அடிக்கிற நீச்சல் குளம். நான் வெண்ணந்தூர்ப் பக்கம். எங்கள் காட்டுக் கிணற்றில் இடுப்பில் கயிறு கட்டி இறக்கிவிடப்பட்டு நீச்சல் பழகியவள். கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் முதல்முறையாகக் குளத்தைப் பார்த்தேன். ஜெசி என்னைப் பூங்கொடி என்று கூப்பிட மாட்டாள், 'கெணத்துத் தவளை' என்றுதான் கூப்பிடுவாள். பயிற்சிக்கு வரும்போது என் பையைத் திறந்து, கேட்காமலே என் பன்னைத் தின்றுவிட்டு, "தவளைக்கு எதுக்குடி பன்னு" என்பாள். அவள் சிரித்தால் குளத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும்.

கிணற்றில் நீந்தியவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கிணற்றுச் சுவர் வெட்டிய பாறை. கையைக் கிழிக்கும். பொந்துக்குள் தண்ணீர்ப்பாம்பு இருக்கும். அதனால் சுவர் கிட்டே வந்ததும் தலை தானாகத் தூக்கும், நீட்டிய கை தானாகப் பின்னுக்கு வரும். போட்டி நீச்சலில் சுவரைத் தொட்டால்தான் கணக்கு. எங்கள் பயிற்சியாளர் இரண்டு வருடம் என்னைத் திட்டித் திட்டி இந்தப் பழக்கத்தை விடவைத்தார். விட்டுவிட்டதாக நானும் நம்பினேன்.

நம்பியவர்களில் ஜெசியும் ஒருத்தி. நான்கு பேர் நீந்தும் ரிலேயில் நான் இரண்டாவது, அவள் மூன்றாவது. நான் சுவரைத் தொட்ட பிறகுதான் மேடையிலிருந்து அவள் கால் எழும்ப வேண்டும். முன்னால் எழும்பினால் அணியே வெளியே. தாமதமாக எழும்பினால் பதக்கம் போய்விடும். அதற்காக அவள் என் கைவீச்சுகளை எண்ணப் பழகியிருந்தாள். சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் குறுக்கே கொடிகள் தொங்கும் அல்லவா, அதைத் தாண்டினால் எனக்கு நான்கு கை. நான்காவது கை நீண்டு சுவரைத் தொடும். "கொடியில இருந்து உனக்கு நாலு. நாலாவது கை மேல கண்ண வெச்சு நான் பாஞ்சிருவேன். நீ வந்து சேரு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்பாள். எத்தனை மாலைகள் மேடையில் குனிந்து நின்று, ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணியிருப்பாள் என்று எனக்கே தெரியாது. ஒரு நாளும் தப்பியதில்லை.

தென்மாநிலங்கள் எல்லாம் கலந்துகொண்ட அந்த விளையாட்டுப் போட்டிக்கு எங்கள் இருவரையும் மாநில அணியில் எடுத்தார்கள். மற்ற இரண்டு பேர் பிரேமாவும் ஒரு சென்னைப் பெண்ணும். எனக்கு ரிலே தவிர இருநூறு மீட்டர் பட்டர்ஃபிளையும் இருந்தது. ஜெசிக்கு ரிலே மட்டும். அதில் ஒரு பதக்கம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அவள் அப்பா பட்டறையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். கிளம்பும் அன்று சேலம் ஜங்ஷனுக்கு வந்து, ரயில் நகரும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

இறுதிப் போட்டியில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தோம். கொடியைத் தாண்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்து வரிசைப் பெண் அடித்த அலை முகத்தில் மோதியது. சுவர் கறுப்பாக எதிரே எழுந்தது. நான்காவது கை நீண்டது, நீண்ட கை மடங்கியது. தலை தூக்கிவிட்டேன். தலைக்கு மேல் ஜெசி பாய்ந்துபோனதைப் பார்த்தேன். அப்போது என் விரலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் தண்ணீர் இருந்தது. அதற்குப் பிறகுதான் தொட்டேன்.

ஜெசி அன்று நீந்தியதுபோல் அவள் வாழ்நாளில் நீந்தியதில்லை. பிரேமாவும் விடவில்லை. இரண்டாவதாக முடித்தோம். ஜெசி ஈரத்தோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள், மூன்றாவது வீராங்கனை முன்கூட்டியே பாய்ந்ததால் எங்கள் அணி நீக்கப்பட்டது என்று. விதிப்படி அது சரி. பாய்கிறவள்தான் பொறுப்பு. தாளிலும் அவள் எண்ணைத்தான் எழுதினார்கள்.

தங்குமிடத்துக்குத் திரும்பும் வேனில் பயிற்சியாளர் கத்தினார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி உன்னால் பொறுக்க முடியாதா என்று கேட்டார். ஜெசி என்னைப் பார்த்தாள். நான் மடியிலிருந்த பையைப் பார்த்தேன். அதன் ஜிப் பாதி திறந்திருந்தது, அதை மூடினேன். "அவசரப்பட்டுட்டேன் சார்" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. வேனை விட்டு இறங்கியதும் அவள் பின்னாலேயே ஓடினேன். சொல்ல வேண்டும் என்றுதான் ஓடினேன், இதையாவது நம்புங்கள். அவள் என் தோளைத் தட்டி, "நாளைக்கு உனக்கு பட்டர்ஃபிளை இருக்கு. போயி சாப்ட்டுப் படு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் நான் சுவரை அடித்த அடியில் நடுவிரல் மூட்டு வீங்கிவிட்டது. மூன்றாவது இடம், வெண்கலம். அந்தச் சான்றிதழில்தான் இந்த வேலை, இந்த நாற்காலி, டிபன் டப்பா வைக்கிற இந்த மேசை எல்லாம். ஜெசியின் விண்ணப்பத்துக்கு பதில்கூட வரவில்லை. அவள் ஒரு கொலுசுப் பட்டறையில் சலங்கை கோக்கப் போனாள். பிறகு கல்யாணம் ஆகி அயோத்தியாப்பட்டணம் போனாள்.

அவசரக்காரி என்ற பெயரை நாம் எல்லோரும்தான் அவளுக்கு வைத்தோம். பஸ்ஸுக்கு ஓடினால் அவசரக்காரி, பந்தியில் முதலில் உட்கார்ந்தால் அவசரக்காரி. அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். அவள் அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். கோவில் வாசலில், பட்டறையில், உறவுக்காரர் கல்யாணத்தில், எங்கே நீச்சல் பேச்சு வந்தாலும் அவர் ஒன்றையே சொல்வார்: "எம்பொண்ணுக்குக் கையில வந்த வேலை. ஒரு நொடி பொறுக்கல." அவள் எதிரிலேயே சொல்வார். அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போய்விடுவாள்.

என் கை மடங்கியது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்று பல வருடம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பின்னாளில் அவள் அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு தனியார் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். ஒரு முறை பார்க்கப் போயிருந்தேன். வாழப்பாடியிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண், கிணற்றில் பழகியவள் போலிருக்கிறது, சுவர் கிட்டே வந்ததும் கையை மடக்கிக்கொண்டாள். ஜெசி குனிந்து அந்தக் கையைப் பிடித்து டைல்ஸ் மேல் வைத்து அழுத்தினாள். "கெணத்துல நீந்துன கை கூசத்தான் செய்யும், கண்ணு. உன் மேல தப்பு இல்ல. இது ஒண்ணும் பண்ணாது, தொடு" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அங்கேயே காலில் விழுந்திருப்பேன் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன். விழுந்திருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். அன்றும் வெயில் அதிகம் என்று ஏதோ பேசிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த பிறகு மூன்று முறை போனேன். முதல் முறை வீடு நிறைய ஆட்கள். இரண்டாம் முறை தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை மத்தியானம், நாங்கள் இருவர் மட்டும். தோளெல்லாம் வற்றிப்போயிருந்தது. அவள்தானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. "ஜெசி, அந்த ரிலேல..." என்று ஆரம்பித்தேன். "அதை விடுடி, கொஞ்சம் தண்ணி குடு" என்றாள். தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தேன். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. சாகக் கிடக்கிறவள் எதிரில் உட்கார்ந்து, சொல்லத் தேவையில்லாமல் போயிற்றே என்று நிம்மதிப்பட்டேன். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிறுக்கு முன்னால் வியாழன் வந்துவிட்டது.

அடக்கத்தன்று நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். பெட்டியை மூடும் முன் அவள் அப்பா குனிந்து நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு, "இதுலயும் பொறுக்கலியே சாமி உனக்கு, அப்பன முந்தி ஓடிட்டியே" என்றார். சுற்றி நின்ற பெண்கள் ஓவென்று அழுதார்கள். நான் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தேன். இந்தப் பேச்சு அவளோடு குழிக்குள்ளும் போகிறதே என்று இருந்தது.

ஏழாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அவள் அப்பாவிடம் சொன்னேன். பந்தல் பிரிக்காமல் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, கிணற்றிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு கை எண்ணுவதைச் சொன்னேன். என் கை மடங்கியதைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வெல்டர் அல்லவா, அளவுதான் கேட்டார். "சுவத்துக்கும் உங்கைக்கும் எவ்வளவு இருந்துச்சு?" விரலை விரித்துக் காட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்து அந்த ஒரு சாணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம் சொல்லியிருந்தா, நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசியிருப்பேன்ல?" என்றார். கோபமே இல்லை. பதில் வரும் என்று உண்மையாகவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இனிமே நான் யாருகிட்டப் போயிச் சொல்றது, சாமி?" என்றார். இருபத்திரண்டு வருடம் என் நெஞ்சில் கிடந்ததை இறக்கி வைக்கப் போனேன். எழுபத்தைந்து வயது மனிதர் மடியில் இறக்கிவிட்டு வந்தேன். அவருக்கு இனி அதை இறக்கி வைக்க இடமில்லை.

இப்படி எழுதுகிறவர்கள் மறைந்தவரின் சிரிப்பை, அன்பை நெஞ்சில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி முடிப்பார்கள். ஜெசியின் சிரிப்பை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது. அவள் மேல் இருந்த பழியை நான் வைத்துக்கொள்கிறேன். அது என்னுடையது. அந்தப் போட்டியைப் பற்றி இனி எங்கே பேசினாலும் பூங்கொடி சுவரைத் தொடவில்லை என்று பேசுங்கள்.

இன்னும் ஒன்று. அந்தோணிசாமி அப்பா இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறாராம். தன்னைப் பற்றி அவள் எப்போதாவது உங்களிடம் குறைப்பட்டுக்கொண்டாளா என்று. உங்களிடமும் கேட்பார். இல்லை என்று சொல்லுங்கள். அவருக்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை, உண்மையே அதுதான். இத்தனை வருடத்தில் அவள் ஒருவரைப் பற்றியும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. என்னைப் பற்றிக்கூட.