மக்ரூன் தின்னாத மனிதர்

போன வாரம் தூத்துக்குடியில், என் அக்கா தன் கணவரின் சட்டைப் பையை மோந்து பார்த்ததை நேரில் பார்த்தேன்.

பதற வேண்டாம். அவள் தேடியது வேறு எந்தப் பெண்ணின் சென்ட் வாசனையும் அல்ல... மக்ரூன் வாசனை!

அத்தானுக்குப் பல வருஷமாக சுகர். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். துறைமுக கேட்டில் லாரிகளைச் சோதனை போட்டே ரிட்டையர் ஆனவர். இப்போது பீச் ரோட்டில் வாக்கிங் போய்விட்டு வந்தால், வீட்டு கேட்டில் அவருக்கே சோதனை.

வாக்கிங் போகிற வழியில் ஒரு பேக்கரி இருக்கிறது. அதுதான் சிக்கல். தூத்துக்குடி வீடுகளுக்கு வந்த விருந்தாளி, மக்ரூன் பொட்டலம் இல்லாமல் ரயில் ஏற முடியாது. முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த அந்தச் சின்னக் கூம்பைக் கொடுத்தனுப்பாவிட்டால் ஊர் மானமே போய்விடும். எங்கள் குடும்பத்தில் அதை வாங்கி வருவது அத்தானின் வேலை. அந்த வேலையைக் கொடுத்ததும் அக்காதான். சந்தேகப்படுவதும் அக்காதான்.

காரணம் இல்லாமல் இல்லை. சில மாதங்களாக அத்தான் ரெண்டு வாய் சாப்பிட்டதும், "போதும்ளா, வயிறு ரொம்பிட்டு" என்று எழுந்துவிடுகிறார். குமட்டல், புளித்த ஏப்பம். சில நாள் காலையில் வாந்தி வேறு. ஆனால், சாயங்காலம் விரலைக் குத்திப் பார்த்தால் சுகர் முந்நூறைத் தாண்டி நிற்கிறது.

சாப்பிடவில்லை... ஆனால், ஏறுகிறது. எப்படி?

"எப்படின்னு என்கிட்ட கேக்கியா? வெளிய தின்னுட்டு வாராக. அப்புறம் வீட்டுல எப்படிலே பசிக்கும்?" என்றாள் அக்கா. அத்தான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார்.

லாஜிக்கில் ஓட்டையே இல்லை. சுகர் வந்த மனிதருக்கு வீட்டில் ஜாமீன் கிடைக்காது. மெஷின் காட்டுகிற நம்பர்தான் எஃப்.ஐ.ஆர்., சாட்சி, தீர்ப்பு எல்லாம்!

அத்தானின் கட்சி வேறு. "கேஸ் மாப்ள. வெறும் கேஸ்!"

நம் ஊரில் நெஞ்சு வலித்தாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ். மருந்து? எலுமிச்சை சோடா. குடித்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு ஏப்பம் விட்டால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். வெளியே வந்தது அந்த சோடாவுக்குள் இருந்த கேஸ்தான் என்பதை யார் எடுத்துச் சொல்வது?

நான் இருந்தபோதே ஒரு மத்தியானம் விஷயம் கைமீறியது. அத்தான் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அக்கா கீரைத்தண்டுக் கூட்டை மலையாகக் குவித்தாள். சுகருக்கு நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து அந்த வீட்டில் தினமும் ஏதாவது ஒரு நார்தான். பாதிகூட இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அத்தானுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. சுகர் அதலபாதாளத்தில்! அக்காவே ஓடிப்போய்ச் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். ஆளை இழந்துவிடுவோமோ என்றே பயந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பார்த்தால்... மறுபடி முந்நூறு!

"நான் சீனி குடுத்ததே சாக்கு. எங்கன போயி தின்னீய?" என்றாள் அக்கா.

அத்தான் என்னை மாடிக்குக் கூட்டிப் போனார். "கேட்டுல நிக்கையில நான்தான் யாரையும் நம்பமாட்டேன் மாப்ள. என்னைய ஒருத்தனும் திருடன்னு சொன்னதில்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்க எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

இனி சோடா உதவாது என்று மறுநாளே வயிற்று டாக்டரிடம் போனோம். வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், அடுத்த நாள் காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றார். அக்கா விடுவாளா? அன்று மத்தியானம் வழக்கமான கீரைத்தண்டு, ராத்திரி கொஞ்சம் கஞ்சி. அதோடு அடுக்களைக்குப் பூட்டு. வாக்கிங்குக்கும் தடை.

காலையில் கேமரா உள்ளே போனது. டாக்டர் கோபமாக வெளியே வந்தார். "வெறும் வயித்தோடன்னு சொன்னேன்ல? சாப்பிட வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்களேம்மா!"

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... 'பாத்தியா?' என்கிற பார்வை. "என்ன மக்ரூனா டாக்டர்?" என்றாள்.

"மக்ரூனா? கீரைத்தண்டு மாதிரி நார் நாரா கெடக்கு."

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "அது... நேத்து மத்தியானம் நான் வச்சதுல்லா?"

டாக்டரின் கோபம் போன இடம் தெரியவில்லை. நிதானமாக விளக்கினார். ரொம்ப நாள் சுகர், சிலருக்கு வயிற்றை அசைக்கிற நரம்பையே மந்தமாக்கிவிடுமாம். சாப்பாடு தேங்கிவிடும். ஆனால், இன்சுலின் அதற்காகக் காத்திருக்காது. அது முதலில் வேலையைக் காட்டும்போது சுகர் சரியும். மத்தியானச் சோறு சாவகாசமாக இறங்கும்போது சுகர் ஏறும். இனி கொஞ்சம் கொஞ்சமாக, குழைவாக, பல தடவை சாப்பிட வேண்டும். நாரும் எண்ணெயும் குறைய வேண்டும். இன்சுலின் நேரத்தை டாக்டரே மாற்றித் தருவார், நாமாக மாற்றக் கூடாது.

ஆக, மக்ரூன் நிரபராதி. பிடிபட்டது கீரைத்தண்டு!

அக்கா ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே அழுதுவிட்டாள். "நல்லதுன்னுதான வச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அத்தான், "சரிளா, சரிளா" என்று அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். கேமரா போய்வந்த தொண்டை அவருக்கு. ஆறுதல் சொன்னது அவர்!

உங்கள் வீட்டிலும் சுகர்க்காரர் யாராவது ரெண்டு வாயிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்கிறாரா? சட்டைப் பையைத் தேடாதீர்கள். டாக்டரைத் தேடுங்கள்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று, வழக்கம்போல அத்தான்தான் மக்ரூன் வாங்கி வந்தார். வாசலில் சோதனை இல்லை. அக்காவே பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றை எடுத்து, பாதியாக உடைத்து நீட்டினாள். "டாக்டர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். இந்தாங்க."

"வேண்டாம்ளா. வயிறு ரொம்பியிருக்கு."

அக்கா நம்பினாள்.

என்ன செய்ய... அத்தானின் வாய் வார்த்தையை நம்ப, அந்த வாய்க்குள் ஒரு கேமரா போய்வர வேண்டியிருந்தது!