செம்மறி திருடியவனின் இடது புருவம்

மெரிலேண்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி தன் முப்பாட்டனைத் தேடிக்கொண்டிருந்தாள். செம்மறி திருடியதற்காக இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றி இங்கே நாடு கடத்தப்பட்டவன். அவளுக்குக் கண் மங்கிவிட்டதால், ஆவணக் காப்பகத்தில் மைக்ரோஃபிலிமைச் சுழற்றிப் பழைய கைதிப் பதிவுகளை நான்தான் வாசித்துச் சொன்னேன். உயரம், கண்ணின் நிறம், விழுந்த பல், இடது புருவத்தில் தழும்பு. கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கோ எரிச்சல்தான் வந்தது. ஒரு திருடனை இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்களே!

காணாமல்போன என் தம்பிக்கும் புருவத்தில் தழும்பு உண்டு. அவனைத் தேடித் தரச் சொல்லி நான் நிரப்பத் தொடங்கிய படிவம், 'அங்க அடையாளம்' என்ற இடத்தில் நின்றுபோய் மேசையில் கிடந்தது. பார்த்து எழுத ஒரு படமும் இல்லை. ஊரில் ஆமி வீடு வீடாகச் சோதித்த நாளில், பயத்தில் அவனுடைய படங்கள் எல்லாவற்றையும் நாங்களே குசினி அடுப்பில் போட்டு எரித்தோம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கொழும்பிலிருந்த அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, தம்பியின்ர தழும்பு எந்தப் பக்கம்?"



"எனக்கு மறந்துபோச்சு, பிள்ளை. கல்லால எறிஞ்சது நீயெல்லோ, உனக்குத் தெரியாதே?"