சுடலைமணிக்குச் செய்த மூக்கு

1. பசை விட்ட நாள்

சுடலைமணி தன் மூக்கை ஒரு பாலிதீன் கவரில் போட்டு எங்கள் லேபுக்கு எடுத்து வந்தார். அதில் மைதா ஒட்டியிருந்தது. முகத்தின் நடுவில் துண்டு கட்டியிருந்தார்.

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் பல் பிரிவில் நான் டெக்னீஷியன். மூக்கு, காது, கண் போனவர்களுக்கு சிலிகானில் செய்து, தோல் நிறம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. சுடலைமணி சங்கரன்கோவில்காரர். அங்கே சாலை என்கிற கடைவீதியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். கேன்சருக்காக மூக்கை முழுதாக எடுத்து ரேடியேஷனும் கொடுத்திருந்தார்கள். நான் செய்த மூக்கை மருத்துவப் பசையால் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார்.

“கல்லு முன்னாடி நின்னா வேர்த்துக் கொட்டுது மேடம். பசை நிக்க மாட்டேங்கு. இன்னிக்கு மாவுக்குள்ள விழுந்துட்டு. அவ்வளவையும் கீழ கொட்டுனாங்க.”

“முதலாளி என்ன சொன்னார்?”

“மூக்கு நிக்கும்னா கல்லுக்கு வா, இல்லன்னா பின்னால போயி பாத்திரம் கழுவுன்னாரு.”

எங்கள் மலையாளி சர்ஜன் பார்த்துவிட்டு இம்ப்ளான்ட் யோசனையைச் சொன்னார். மூக்கிருந்த குழியின் அடி எலும்பில் இரண்டு டைட்டானியம் திருகுகள் வைப்பார்கள். எலும்பு சில மாதங்களில் அவற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். பிறகு இரண்டையும் இணைத்து ஒரு சின்ன உலோகக் கம்பி, பார் என்போம். பாரில் காந்தம் ஒட்டுகிற தட்டு, மூக்கின் உட்புறம் காந்தம். பசையே தேவையில்லை.

ஆனால் ரேடியேஷன் பட்ட எலும்பு. சர்ஜன் அதை மறைக்கவில்லை. “நோக்கலாம், கேட்டோ. உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது,” என்றார்.

“பரவால்ல சார், வையுங்க,” என்றார் சுடலைமணி.

2. பார் ஆடியது

திருகு வைத்துச் சில மாதம் கழித்துப் பாரைப் பூட்டினோம். புது மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனதும் ‘டக்’கென்று தானே போய் ஒட்டியது. சுடலைமணி குனிந்தார், தலையை உதறினார், விழவில்லை. கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். மறுநாளே பரோட்டாக் கல்லுக்குத் திரும்பிவிட்டார்.

திருகைச் சுற்றியுள்ள தோலைத் தினமும் மெல்லிய பிரஷால் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தேன். அவரளவு சுத்தமாக வைத்திருந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்படியும் ஒரு செக்கப்பில் நான் இடுக்கியால் தொட்டபோது பார் ஆடியது. எக்ஸ்ரேயில் இடது திருகைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு. சர்ஜன் விரலால் திருப்பியதும் அது கழன்று வந்தது. சுடலைமணிக்கு வலிக்கவே இல்லை. எலும்பு பிடித்திருந்தால் வலித்திருக்கும்; வலித்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

“எல்லு பிடிச்சில்ல,” என்று சர்ஜன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். எலும்பு திருகைப் பற்றவில்லை.

பாரை எடுத்துவிட்டு, மிச்சமிருந்த திருகின் மேல் ஒரு தட்டும் மூக்கில் ஒற்றைக் காந்தமும் வைத்தேன். ஒற்றைக் காந்தத்தில் மூக்கு சுழலும். சிரித்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதையும் சொன்னேன்.

“சிரிக்காம இருந்துக்கிடுதேன் மேடம்,” என்றார்.

அப்படியே சில வாரம் இருந்தார். பிறகு அந்தத் திருகும் ஆடியது. அதையும் எடுக்க வேண்டியதாயிற்று.

“வேற எடத்துல வைக்க முடியாதா?”

“வைக்கிற மாதிரி எலும்பு இல்ல, சுடலைமணி.”

ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள ஒருநாள் வந்தார். பின்கட்டில் பாத்திரம் கழுவ அவருக்கு மனமில்லை. மூக்கு இருந்த டப்பாவை என் மேஜையில் வைத்தார்.

“நல்லாத்தான் இருக்கு. வேற யாருக்காவது ஆகுமா?”

“ஆகாது. உங்க முகத்துக்கு மட்டும்தான் ஆகும்.”

டப்பாவை என் பக்கமாக நகர்த்தினார். “செரி, இங்கயே இருக்கட்டு,” என்றார். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. நிறமும் ஓரமும் காந்தத்தின் இழுப்பும் பழகப் பழக வந்துவிடும். எலும்பு நம் கையில் இல்லை. ரேடியேஷன் பட்டவருக்கு அளவு எடுக்கும்போதே, எலும்பு பிடிக்காமல் போகலாம் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் மூக்கின் ஓரத்தைத் தோலோடு தோலாக மெலிசாக்க வேண்டியிருக்கும்.